உப்புக் காற்றும் கிழ டீசல் வண்டியும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலில், கிழக்கு வெளுப்பதற்கு வெகு முன்னதாகவே மீன் கூடைகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் காத்து நிற்கும் சிறு சரக்கு வண்டிகளின் வரிசையை ஒருமுறையேனும் கண்டவர்கள், அவற்றுள் பல நெடுநாள் உழைத்து முதுமை எய்தியவை என்பதையும், அந்த முதுமையிலும் சாவியைத் திருப்பியவுடன் சற்றே இருமிக் கனைத்து உயிர்பெற்றுவிடுகின்றன என்பதையும் கவனித்திருப்பார்கள். 2005-ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்று பெயரிட்டு வெளியிட, நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று மறுநாமகரணம் செய்துவிட்ட இரண்டு சிலிண்டர் வண்டி அவற்றுள் ஒன்று. அதனினும் மூத்த டாடா 207-ம், மஹிந்திரா பிக்கப்பும், அபூர்வமாக ஒரு பழைய மெட்டடோரும் அந்த வரிசையில் காணக் கிடைக்கும். இவற்றின் சொந்தக்காரர்களில் அநேகர், பெரும் பழுது வந்தாலொழிய பட்டறைப் பக்கம் போகாமல், ராயபுரத்துச் சந்திலோ திருவொற்றியூர்த் தெருமுனையிலோ தம் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ஒரு கை பனியன் வேஸ்ட்டும் நாலைந்து ஸ்பானர்களும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தாமே வைத்தியம் செய்துகொள்ளுகிறவர்கள்.

இந்தக் கைத்திறன் இப்பிரதேசத்தில் தழைத்ததற்குச் சரித்திர காரணம் உண்டு. ரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் தொடங்கித் தம் புதல்வரின் பெயரையே சூட்டிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்து, பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு உறவு கொண்டு 'காமெட்' லாரிகளைக் கட்டத் தலைப்பட்டு, 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. லாரிக்கென்று உருவான லேலண்டு எஞ்சின் பிற்பாடு கடலுக்கேற்ற வேஷம் பூண்டு விசைப்படகுகளிலும் ஏறிக்கொண்டதனால், காசிமேட்டில் படகு மெக்கானிக்குக்கும் லாரி மெக்கானிக்குக்கும் இடையே உள்ள சுவர் மிக மெல்லியது. செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. திருவொற்றியூரில் ஆலை கண்ட என்பீல்டு, டீசலில் ஓடும் புல்லட்டையே ஒரு காலத்தில் விற்றது. அதன் சக்தி 6.5 குதிரைத் திறன்தான். ஆயினும் அதை ஓட்டியவர்கள் இன்றும் அதன் சிக்கனத்தைப் பேசி ஓய்வதில்லை, வேகத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். காற்றை விரைந்து நெருக்கினால் அது உஷ்ணமடையும் என்ற அந்த எளிய உண்மையே டீசல் எஞ்சினுக்கு மூலாதாரம். ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரமும், இன்று நம் வாசலில் நிற்கும் வண்டியும், தீப்பொறி தரும் பிளக்கை நாடாமல், உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அதன் வெப்பத்தை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றி, அந்தக் கொதிக்கும் காற்றினுள் டீசலை மூடுபனிபோல் பீய்ச்சி எரியச் செய்பவையே. ஆகவே டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை இரண்டே: ஒழுகாமல் நெருக்கப்படும் சுத்தமான காற்று, தக்க கணத்தில் தூளாகச் சிதறும் சுத்தமான டீசல். இவ்விரண்டும் கிடைக்கும்வரை அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தன் தொழிலைச் செய்யும். அழையாத விருந்தாளிகளாக உள்ளே புகும் தூசி, ஜலம், உப்பு ஆகிய மூன்றுமே அதற்கு மூப்பைத் தருகின்றன. வீட்டில் செய்யும் பராமரிப்பு என்பது இந்த மூன்றையும் வாசலில் நிறுத்தும் காவல் வேலைதான் என்பது என் கட்சி.

காவல் தொடங்குமுன் நோயாளியின் நாடியைப் பார்க்க வேண்டும். காலையில் செல்ப் நெடுநேரம் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையென்றால், உள்ளேயுள்ள காற்றைச் சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக்கின்மீது முதலில் சந்தேகம் கொள்ளலாம். டீசல் முதலில் பற்றுவதற்கென்று சிறு முன்னறை ஒன்று உள்ள பழைய எஞ்சின்களில், மார்கழிக் குளிர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 20 டிகிரியிலேயே அதன் உதவி தேவைப்படுகிறது. பிளக் நன்றாக இருந்தும் தகராறு தொடருமானால், எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைச் சற்றுத் திறந்து பார்ப்பது வழக்கம். அங்கே புகை குபுகுபுவென்று மூச்சு விட்டால், பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்து, நெருக்கப்பட வேண்டிய காற்று கீழே நழுவுகிறது என்று பொருள். புகைக் குழாயும் ஒரு பாஷை பேசும். கரும்புகை, எரிவதற்கு வேண்டிய காற்று போதவில்லை அல்லது டீசல் மிஞ்சிப் பாய்கிறது என்கிறது. நீலம் பாய்ந்த புகை, ஆயில் எரிகிறது என்கிறது. வெண்புகையோ இரண்டு அர்த்தம் கொண்டது. குளிர்ந்த காலையில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறைந்தால் அது எரியாத டீசல். சூடேறிய பின்னும் நில்லாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் நாளுக்கு நாள் குறைந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக ஜலம் உள்ளே இறங்குகிறது. இந்தக் கடைசி நோய்க்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

தூசியை எடுத்துக்கொள்வோம். வடசென்னைத் தூசி சாமானியமானதன்று. நிலக்கரியை இறக்கும் தொழில் 2011-இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்கு ஒதுங்கிவிட்டபோதிலும், அனல் மின் நிலையங்களின் சாம்பலும், இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் இந்த வட்டாரத்தில் குறைந்தபாடில்லை. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். மாவுபோல் மென்மையாகக் காணப்பட்டாலும் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே புகுந்துவிட்டால் அது உப்புத்தாளின் வேலையைச் செய்யும். ஆகவே ஏர் பில்டரை இங்கே, கையேட்டில் கண்ட தவணைக்கு முன்பாகவே திறந்து பார்க்க வேண்டும். ஆனால் அதைத் தரையில் ஓங்கித் தட்டுவதும், பஞ்சர் கடைக் காற்றை வேகமாக அடித்து 'சுத்தம்' செய்வதும் பெருந்தவறு. காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஒன்று விழுந்தால், அதன்பின் அந்தப் பில்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. இருட்டறையில் அதனுள் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் கிழிசல் நட்சத்திரம்போல் மின்னும். பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயையும் வளைத்துப் பாருங்கள். புதுப் பில்டருக்குக் காசு செலவழித்துவிட்டு, வெடித்த குழாய் வழியாகத் தெருப் புழுதியை எஞ்சினுக்கு ஊட்டுகிறவர்கள் பலர்.

டீசலில் கலந்து வரும் அசுத்தம் இதனினும் சூக்ஷ்மமானது. டீசலைப் பீய்ச்சும் நாசிலின் உள்ளே ஏறி இறங்கும் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் அந்தப் பொருத்தத்தின் நுட்பத்தை ஒருவாறு ஊகிக்கலாம். அந்த இடைவெளியில் எண்ணெயாக இருந்து வழுக்க வேண்டியது டீசலேயாதலால், அதில் ஒரு துளி ஜலம் கலந்தாலும் ஊசி துருவேறிச் சிக்கிக்கொள்கிறது. கடலோரத்தில் ஜலம் டீசலில் கலப்பதற்கு யாரும் கலப்படம் செய்ய வேண்டியதில்லை. பாதி காலியான டாங்கியினுள் பகலில் புகுந்த ஈரக்காற்று, இரவில் குளிர்ந்து, சுவர்களில் வேர்த்து, அடியில் போய்த் தங்குகிறது. நாளடைவில் நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து பாசிபோல் பில்டரை அடைக்கிறது. மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுவதும், டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வாரம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்துப் பார்ப்பதும் இதற்குக் கைகண்ட மருந்து. அடியில் தெளிந்த மணிகள்போல் நிற்பது ஜலம்.

பில்டரை மாற்றியபின் வண்டி பற்றாமல் தெருவே கூடி நின்று ஆலோசனை கூறும் காட்சி நம் ஊரில் சகஜம். குற்றம் பெரும்பாலும் 'ஏர் லாக்'தான். டீசலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே குழாயினுள் காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டால், பம்பு கொடுக்கும் அழுத்தத்தையெல்லாம் அக்குமிழியே சுருங்கி விரிந்து தின்றுவிடுகிறது, நாசில் திறப்பதில்லை. பில்டர்த் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப் பம்பைப் பொறுமையாக அழுத்திக்கொண்டே இருந்தால், முதலில் நுரையும் பிறகு குமிழியற்ற டீசலும் வரும். அப்போது திருகை இறுக்கிவிட வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் நாசில் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ப் அடிப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுவதற்கில்லை: நாசிலின் வாய்க்கு நேரே ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். வாயுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் வரும் அந்த மெல்லிய தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே ஓர் ஊசிக் குத்தளவே தெரிந்தாலும் அது உடனே அறுவைச் சிகிச்சை கோரும் காயமாகும்.

டீசலே மாறிவிட்ட கதையும் இதனோடு சேர்ந்தது. 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கிய காலத்து டீசலில் கந்தகம் தாராளமாக இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் அது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது. நகரத்தின் நுரையீரலுக்கு இது நல்ல காலம். ஆயினும் கந்தகத்தை நீக்கும் ரசாயன வினையில், டீசலுக்கு இயற்கையாக உள்ள வழுக்கும் குணமும் குறைந்துபோவதனால், அதை ஈடுசெய்யும் பொருள்களை ஆலையிலேயே சேர்க்க நேர்கிறது. டாங்கிக்கு டாங்கி டூ-ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிது ஊற்றினால்தான் பழைய பம்பு பிழைக்கும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கத் தர விதியே வழுக்கும் தன்மைக்கு ஓர் எல்லை வகுத்திருக்கையில், இது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம். பழைய பம்பின் ரப்பர் வளையங்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசிவதோ உண்மையான தொல்லை. அதற்கு மருந்து ஆயில் அன்று, புது வளையம்.

அடுத்தது ரேடியேட்டர் நீர். நானே ஒருமுறை, அவசரத்துக்கு அடுத்த வீட்டு போர்வெல் நீரை ஊற்றி, அதையே வழக்கமாக்கிக்கொண்டு, ஒரு கோடைக்குள் ரேடியேட்டரின் பாதிக் குழாய்களை அடைத்துவிட்ட புண்ணியவான். நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததன் பலனாக, மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்ட வட்டாரம் இது. கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னையின் முதல் பேராலையை 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்க நேர்ந்த ஊர். இத்தகைய நீரிலுள்ள சுண்ணாம்பு சூட்டில் படிந்து பாறையாகிறது, உப்போ உலோகத்தை அரிக்கிறது. வாலை வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவது ஆடம்பரம் என்று கருதுகிறவர்கள், ஒரு புது ரேடியேட்டரின் விலையை விசாரித்துவிட்டு வரலாம். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, பிரஷர் குக்கரின் மூடியை விசில் அடிக்கும்போதே பிடுங்குவதற்குச் சமானம்; மூடிக்குள் இருக்கும் அழுத்தத்தினால் அந்த நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கிறது, திறந்த கணமே ஆவியாய் முகத்தில் பாயும்.

இதனோடு சேர்ந்து, நம் மெக்கானிக்குகளிடையே வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தை நான் மறுத்தே ஆகவேண்டும். 'சென்னை வெயிலுக்கு இது எதற்கு சார்?' என்று கேட்டுக்கொண்டே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவதுதான் அது. வண்டி சூடாகாது என்பது அவர்கள் வாதம். சூடாக வேண்டும் என்பதே யந்திர சாஸ்திரத்தின் வாதம். எஞ்சின் நீர் சுமார் 80 டிகிரியை எட்டும்வரை அதை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் உள்ளேயே சுற்றவிடுவது அந்தச் சிறு வால்வின் கடமை. அது இல்லாத எஞ்சின் குறைந்த சூட்டிலேயே ஓடி ஓடி, எரிவதில் உண்டாகும் நீராவியும் அமிலமும் லைனர்ச் சுவரில் பனித்துப் படியவும், எரியாத டீசல் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவவும் இடங்கொடுக்கிறது. தேய்மானத்தின் பெரும்பங்கு சூடேறாத நேரத்தில்தான் விளைகிறது. விசித்திரம் என்னவென்றால், சிலவகை எஞ்சின்களில் இந்த வால்வே உட்சுற்று வழியையும் அடைக்கும்படி அமைந்திருக்கிறது. அவற்றில் அதைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பி, பாரம் ஏற்றிய வண்டி முன்னைக் காட்டிலும் அதிகமாகச் சூடாகும். வால்வு பழுதா என்று அறிய வேண்டுமானால், ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பேற்றிப் பாருங்கள். கொதிக்குமுன் கண் திறந்தால் அது நல்ல வால்வு. வீட்டம்மாளின் அனுமதியோடு, பழைய பாத்திரத்தில்.

உப்புக்கு வருவோம். அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாகி வண்டியின்மீது படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்தத் தூள் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடுகிறது. திருவொற்றியூரில் அவ்வளவு ஈரம் இராத விடியற்காலை எத்தனை? மழையில் நனையாமல் கொட்டகைக்குள் நின்ற வண்டியும் துருப்பிடிப்பதன் ரகசியம் இதுதான். மழை கழுவாத இடங்களில்தான் உப்பு சேர்கிறது. ஆகையால் மேற்பூச்சின் பளபளப்பை விட வண்டியின் அடிவயிற்றுக்கே நன்னீர்க் குளியல் அவசியம். மீன் வண்டிகளுக்கு இன்னுமொரு சாபம் உண்டு: ஐஸ் உருகி மீனின் உப்போடு கலந்த நீர், பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ்மீதும் ஸ்பிரிங் பட்டைகள்மீதும் பிரேக் குழாய்கள்மீதும் இரவெல்லாம் சொட்டுகிறது. துரு என்பது இரும்பை விட அதிக இடம் பிடிக்கும் பொருளாதலால், பட்டைகளின் நடுவே அது ஆப்புப்போல் பெருத்து, ஒருநாள் மீஞ்சூர் சாலைப் பள்ளத்தில் பட்டை முறியக் காரணமாகிறது. இரும்பின் இந்தப் பகைவனையும் ஆராய்ந்துவரும், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாடு முழுவதற்கும் அரிப்பு வரைபடமே தயாரித்திருக்கிறது. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் தெளித்துவிடும் நம் ஊர் உபாயம் துருவைச் சிறிது தடுக்கும்தான். ஆனால் ரப்பர் புஷ்கள் அந்த ஆயிலை உறிஞ்சி ஊதிப்போகும், புழுதியும் அப்பிக்கொள்ளும். துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி, பெயின்ட் அடிப்பதே யோக்கியமான வழி.

உப்பு மின்சாரத்தையும் விடுவதில்லை. செல்ப் எடுக்கவில்லை என்று பாட்டரியைப் பழிக்குமுன், பாட்டரியிலிருந்து சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது, அரித்துப்போன ஒரு மூட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். புதுப் பாட்டரி வாங்கியும் தீராத நோய் அரை மணி வேலையில் தீர்ந்துவிடுவதுண்டு.

பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தை: சந்தேகம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் படுக்காதீர்கள். கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்துவிட்டுப் படுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெயையும் சுமந்துகொண்டு வீடுகளுக்குள் புகுந்தது பலருக்கு மறந்திராது. அவ்வாறு மூழ்கிய வண்டியில், வெள்ளம் வடிந்ததும் ஆவலாகச் சாவியைத் திருப்புவது, பிழைக்க வேண்டிய எஞ்சினைக் கொல்வதாகும். சிலிண்டரில் காற்றுக்குப் பதில் ஜலம் நின்றால் பிஸ்டன் அதை நெருக்க முடியாது. நெருங்க மறுக்கும் ஜலத்தின்மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களையோ ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிவிட்டு, கையால் எஞ்சினைச் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் பில்டர்களையும் டீசலையும் மாற்றிய பிறகே சாவியைத் தொடலாம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, அதில் டீ நிறத்தில் நுரை இருந்தால் ஜலம் கலந்துவிட்டது என்று அறியலாம்.

வீட்டில் தொடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. 1951-இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனத்தின் பெயராலேயே நம் மெக்கானிக்குகள் இன்றும் அழைக்கும் டீசல் பம்பின் அளவுத் திருகில் ஈயச் சீல் ஒன்று வைத்திருப்பார்கள். அந்தத் திருகைச் சற்றுத் திருப்பினால் வண்டிக்குப் புது ரத்தம் ஊறியதுபோல் இழுவை கூடும். கூடவே கரும்புகையும், ஹெட்டில் அதிக உஷ்ணமும், சில மாதங்களில் உருகிய பிஸ்டனும் வரும். பம்பையும் நாசிலையும் அளந்து பார்க்கும் மேடை உள்ள கடைக்கே அவற்றைக் கொண்டுபோக வேண்டும்.

ஆயில் மாற்றுவதோ எவரும் செய்யக்கூடியது. சூடாக இருக்கும்போதே வடியுங்கள், புகைக்கரி அடியில் தங்காமல் வந்துவிடும். டீசல் எஞ்சினின் ஆயில் ஊற்றிய மறுநாளே கறுத்துவிடுவது குற்றமன்று. கரியை ஏந்திக்கொள்வதே அதன் வேலை. வடித்த கறுப்பு ஆயிலை மட்டும் தயவுசெய்து வாசல் வடிகாலில் கொட்டாமல், ஒரு கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்தப் பகுதியின் வடிகால்கள் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகின்றன. அங்கே இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.